ஒன்பதாம் நிமிடம்

சுன்னாகத்தில், வெங்காய லொறிகள் சந்தைக்குத் திரும்புகிற
இடத்துக்கு இரண்டு கடை தள்ளி
எங்கள் சாரதிப் பயிற்சி நிலையம்.
ஏழு பிளாஸ்ரிக் கதிரை, கண் பரிசோதிக்கும் ஒரு அட்டை,
ஒரு கணினி.
முதலாளி கனகசூரியர் அதை வங்கி ஏலத்தில் எடுத்தவர்.
நினைவகம் ஐந்நூற்றுப் பன்னிரண்டு எம்பி;
விசிறி சுழலத் தொடங்கினால் மேசையும் சேர்ந்து நடுங்கும்.

அதில் ஒரு படம். வீதி ஒழுங்கு, பதினாலு நிமிடம்.
எழுத்துப் பரீட்சைக்குப் போகிறவர்கள்
பார்த்துவிட்டுத்தான் போகவேணும்,
கட்டுகிற காசில் அதுவும் சேர்த்தி.

எட்டாம் நிமிடத்தில்
நாற்சந்திக்குள் நுழைகிற சிவப்பு வான்
பாதியில் உறையும்.
குரல் மட்டும் கொஞ்சத் தூரம் தனியே போகும்,
பிறகு அதுவும் இல்லை.
"இவ்வளவுதான், மிச்சம் புத்தகத்தில கிடக்கு" என்று
படிவத்தை நீட்டுவேன்.
நாலு வருசமாக நீட்டினேன்.

புதுசு வாங்குவம் என்றால்
ஸ்கூட்டிக்கு ரயர் போடவேணும் என்பார் கனகசூரியர்.
சரி. வாகனத்தை மாற்ற முடியாது,
ஓட்டுகிறவனை மாற்றலாம்.

கார்த்திகை மழை. அமலதாசன் ஒருவன்தான் வந்திருந்தான்,
காற்சட்டைக் காலை மடித்துவிட்டுக்கொண்டு.

முதலில் இறக்கியது ஒரு அழகன்.
கறுப்புக் கண்ணாடி உடம்பு, மினுங்கும் விளிம்பு.
திறக்க மூன்று நிமிடம் எடுத்தது.
திறந்ததும் மின்னஞ்சல் கேட்டது,
கடவுச்சொல் கேட்டது,
உங்கள் ஊரின் வானிலை சொல்லவா என்றது.
யன்னலுக்கு வெளியே வாய்க்கால் நிரம்பி
வீதிக்கு ஏறிக்கொண்டிருந்தது.
அழித்தேன்.

இரண்டாவதற்கு அடையாளம்
வீதி திருத்துகிற இடத்தில் வைக்கிற செம்மஞ்சள் கூம்பு.
எங்கள் கடைக்கென்றே செய்ததுபோல.
"அக்கா, இது என்ன குறியீடு? சோதினைக்கு வருமோ?"
கூம்பின் புதுப் பதிப்பு
இந்த இயந்திரத்தில் ஏறமாட்டேன் என்றது.
பழையது ஏறியது,
ஆனால் வாய் முந்தி, படம் பிந்தி:
இடப்பக்கம் திரும்புக என்று குரல் சொல்லி முடித்து
மூச்சு விட்ட பிறகு
வான் சிக்னல் போட்டது.
எங்கள் மினிபஸ்காரர் அதுவும் போடுவதில்லை,
என்றாலும் இது பாடம் அல்லவா.

மூன்றாவது மூன்றே எம்பி.
நிறுவத் தேவையில்லை. பொத்தான்கூட இல்லை.
ஒரு கறுப்புச் சதுரம்;
நிற்க இடைவெளிப் பட்டை, போக மறுபடி அதே பட்டை.
படத்தை மெருகூட்டுகிற வேலையையும் நிறுத்திவிட்டேன்.
முகங்களின் ஓரம் கட்டம் கட்டமாயிற்று.
முகத்துக்கு யார் லைசன்ஸ் கொடுக்கிறார்கள்.

எட்டாம் நிமிடம்.
வான் சந்திக்கு வந்தது.
என் கை மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

தாண்டியது.

நாலு வருசத்தில் முதற் தடவையாக
அந்தப் பக்கம்: ஒரு மதில், ஒரு மருந்துக்கடை,
மதிலில் முன்னங்கால் வைத்து எதையோ மேய்கிற ஆடு.
பிறகு வெள்ளை எழுத்தில் ஒரு தலைப்பு.
பாடம் ஆறு: வாகனத்தை நிறுத்துதல்.

நான் கணக்குப் போட்டேன், போடாமல் இருக்க முடியவில்லை.
வருசத்துக்கு நூற்றைம்பது என்றால்
அறுநூறு பேர்.
ஏறி இருக்க, கண்ணாடி பார்க்க, கியர் மாற்ற,
முந்திப் போக
எல்லாம் காட்டி அனுப்பியிருக்கிறேன்.

வெளியே நனைந்த தாரில்
யாரோ நீளமாய் பிரேக் பிடித்தார்கள்.
பெயரேட்டில் இருக்கிறவரோ தெரியாது.
எட்டிப் பார்க்கவில்லை.

"இன்னும் கிடக்கோ அக்கா?"
"ஐஞ்சு நிமிசம். இரு."

இருந்தவன் சும்மா இராமல்
கை நீட்டி இடைவெளிப் பட்டையைத் தட்டினான்.
வான் நின்றது,
வெள்ளைக் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால்.